ஆக்கர் வாங்கலாமா, அலமாரியில் தூங்கலாமா?

குழந்தைகளே, உங்கள் வீட்டில் பம்பரம் இருக்கிறதா? தாத்தா கொடுத்த மரப் பம்பரம், திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பம்பரம், டி.வி.யில் பார்த்துவிட்டு அடம்பிடித்து வாங்கிய பேபிளேடு, எதுவானாலும் சரி. அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? கால்சட்டைப் பையிலா? கண்ணாடி அலமாரியிலா?

பையில் வைத்திருப்பவர்கள் தினமும் விளையாடுகிறார்கள். ஆனால் அவர்கள் பம்பரம் சீக்கிரம் தேய்கிறது, உடைகிறது, தொலைகிறது. அலமாரியில் வைத்திருப்பவர்களின் பம்பரம் கடையில் வாங்கிய மாதிரியே பளபளவென்று இருக்கிறது. ஆனால் அது சுற்றுவதே இல்லை. சுற்றாத பம்பரம் பம்பரமா? மோதி மோதி உடைந்துபோன பம்பரத்தால் யாருக்கு லாபம்? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வாருங்கள், கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

வட்டத்துக்குள் கிடக்கும் பம்பரம்

அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி பக்கமெல்லாம் காலி மனைகள் நிறைய இருந்த காலம் ஒன்று உண்டு. கோடை விடுமுறை வந்தால் போதும், மண்தரையில் ஒரு வட்டம் போட்டுப் பையன்கள் பம்பர ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். விதிகள் தெருவுக்குத் தெரு மாறும். பொதுவாக ஆட்டம் இப்படித்தான் இருக்கும்.

எல்லோரும் சாட்டையைப் பம்பரத்தில் சுற்றிக்கொண்டு தயாராக நிற்பார்கள். ஒரே நேரத்தில் பம்பரத்தைத் தரையில் விடுவார்கள். சுற்றிக்கொண்டிருக்கும் பம்பரத்தின் ஆணியருகே சாட்டையைக் கொடுத்துச் சுண்டினால் அது மேலே எழும்பும். அதைக் கையில் பிடித்துவிட வேண்டும். இதற்குப் பெயர்தான் 'அபீட்'. கடைசியாக அபீட் எடுத்தவர், அல்லது எடுக்க முடியாமல் போனவர், தன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டும்.

அதன்பிறகுதான் வேடிக்கை! மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, வட்டத்துக்குள் கிடக்கும் பம்பரத்தின் மேல் ஆணி இறங்கும்படி தங்கள் பம்பரத்தை ஓங்கி விடுவார்கள். 'ணங்' என்று ஒரு குத்து. கிடக்கிற பம்பரத்தில் ஒரு பொத்தல். இந்தக் காயத்துக்குச் சென்னைப் பக்கத்தில் 'ஆக்கர்' என்று பெயர். பம்பரம் வட்டத்தைவிட்டு வெளியே வரும்வரை ஆக்கர் விழுந்துகொண்டே இருக்கும். குத்த வந்தவரின் பம்பரம் சுற்றாமல் உருண்டுவிட்டால் அதுவும் வட்டத்துக்குள் போய்ப் படுக்க வேண்டியதுதான்.

இப்போது புரிகிறதா சங்கதி? கிரிக்கெட் மட்டை விளையாட்டில் தற்செயலாகத்தான் உடையும். பம்பர ஆட்டத்தில் அடுத்தவன் பம்பரத்தைக் காயப்படுத்துவதுதான் ஆட்டமே! கெட்டி மரத்தில் கடைந்த பம்பரம் பல ஆக்கர்களைத் தாங்கும். கொய்யா, கருவேலம் போன்ற இறுகிய மரம் என்றால் பையன்களுக்கு ஒரு மரியாதை. லேசான மரத்தில் செய்த பம்பரமோ நல்ல குத்து ஒன்று விழுந்தால் இரண்டாகப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்த பம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழாமல் வீட்டுக்குப் போன பையனை நான் பார்த்ததில்லை.

இதற்குப் பையன்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆளுக்கு இரண்டு பம்பரம்! குத்துவதற்கு ஒன்று. வட்டத்துக்குள் வைத்துக் குத்து வாங்குவதற்கு இன்னொன்று, பழசு. 'அதெல்லாம் முடியாது, எதை விட்டாயோ அதைத்தான் வைக்கணும்' என்று எதிர்க்கட்சி சண்டைக்கு வரும். யோசித்துப் பாருங்கள். பம்பரத்தைக் காப்பாற்றுவதா, நேர்மையாக ஆடுவதா என்ற வழக்கு அந்த மண்தரையிலேயே நடந்திருக்கிறது. வக்கீலும் நீதிபதியும் எட்டு வயதுப் பையன்கள்!

காயம் பட்டால் ஏன் தள்ளாடுகிறது?

ஆக்கர் விழுந்தால் அழகு மட்டுமா போகிறது? இல்லை. ஆட்டமும் போகிறது. ஒரு பம்பரம் நின்ற இடத்திலேயே ஆடாமல் அசையாமல் சுற்றினால் 'தூங்குது' என்போம். அப்படித் தூங்க வேண்டுமானால் ஆணியைச் சுற்றி எல்லாப் பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் மரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிட்டால், மறுபக்கம் கனமாகிவிடும். சுற்றும்போது கனமான பக்கம் பம்பரத்தைத் தன் பக்கம் இழுக்கும். பம்பரம் நடுங்கும், தள்ளாடும், சீக்கிரம் சாயும். ஆணி கோணலாகிவிட்டாலும் இதே கதைதான்.

முனை மழுங்குவது இன்னொரு சிக்கல். கூர்மையான முனை தரையை ஓர் இடத்தில் மட்டும் தொடும். உராய்வு குறைவு. அதனால் நெடுநேரம் நிற்கும். முனை தேய்ந்து தட்டையாகிவிட்டால் பம்பரம் ஓர் இடத்தில் நில்லாமல் அங்குமிங்கும் ஓடும். மண்தரையில் ஆணி அவ்வளவாகத் தேயாது. இன்று நம் தெருக்களில் சிமென்ட் சாலையும் கல் பதித்த நடைபாதையும்தானே? அவற்றில் விட்டால் ஆணி அரம் வைத்து ராவியதுபோலத் தேய்ந்துவிடும்.

ஜப்பானில் ஒரு பங்காளி

நம் பம்பரத்துக்கு ஜப்பானில் ஒரு பங்காளி உண்டு. பெயர் பெய்கோமா. அந்தக் காலத்தில் அங்கே ஒரு வகைக் கடல் நத்தையின் ஓட்டுக்குள் மணலை நிரப்பி, மெழுகால் அடைத்து, கயிறு சுற்றி விட்டார்களாம். பிறகு ஈயத்திலும் இரும்பிலும் வார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு வாளியின் மேல் கெட்டித் துணியை விரித்துக் கட்டி, நடுவில் லேசாகப் பள்ளமாக்கி, அதன்மேல் இரண்டு பெய்கோமாக்களை மோதவிடுவார்கள். வெளியே தள்ளப்பட்டது தோற்றது. தோற்றவன் தன் பெய்கோமாவையே ஜெயித்தவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது.

இரும்புப் பெய்கோமாவுக்குப் பேர்போன ஊர், டோக்கியோவுக்கு வடக்கே உள்ள கவாகுச்சி. வார்ப்பட ஆலைகள் நிறைந்த ஊர் அது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜோதி எரிந்த கொப்பரையும் அந்த ஊரில் வார்த்ததுதான்! அதே 1964-இல்தான் நம் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தது. பெரிய நகரத்தின் ஓரத்தில் இரும்பைக் காய்ச்சிக் கடைந்து பிழைக்கும் ஊர்கள் இரண்டும். பாருங்கள், எவ்வளவு ஒற்றுமை!

அந்த ஊர்ப் பிள்ளைகள் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். வாங்கிய பெய்கோமாவை அப்படியே வைத்துக்கொள்ள மாட்டார்கள். கல்லிலும் சிமென்டிலும் தேய்த்துத் தேய்த்து உயரத்தைக் குறைப்பார்கள், ஓரத்தைக் கூராக்குவார்கள். தாழ்வாக இருந்தால்தானே எதிரியின் காலை வாரலாம்! சேகரிப்பவர் பார்த்தால் 'ஐயோ, கெடுத்துவிட்டானே' என்பார். விளையாடுபவனோ 'இப்போதுதான் உருப்படியாச்சு' என்பான். நம் பையன்கள் கடையில் வாங்கிய பம்பரத்தின் ஆணியைப் பிடுங்கிவிட்டு வேறு ஆணி அடித்து, அதை அரத்தால் ராவிக் கூராக்குவது இல்லையா? அதே புத்திதான்!

இந்தப் பெய்கோமாவைப் பார்த்துத்தான் 1999-இல் ஜப்பானின் டகாரா நிறுவனம் பேபிளேடைக் கொண்டுவந்தது. பெயரின் தொடக்கத்தில் இருக்கும் 'பே', பெய்கோமாவின் 'பெய்'தான். பிறகு கார்ட்டூன் வந்தது. உலகமெங்கும் பிள்ளைகள் பைத்தியமானார்கள். 2008-இல் உலோகச் சக்கரம் வைத்தது, 2015-இல் மோதினால் பாகம் பாகமாகப் பிரிந்து சிதறுவது, 2023-இல் இன்னொரு புது வகை என்று தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருக்கிறது. பழைய வகைகளைக் கடையில் புதிதாக வாங்க முடியாது. அதனால்தான் அவை சேகரிப்புப் பொருளாகிவிட்டன.

வாணலியில் நடந்த போர்

2000களில் என் வகுப்புப் பையன்கள் பேபிளேடும் கையுமாகத்தான் வருவார்கள். அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் ஆடுகளத்தை வாங்க எல்லோரிடமும் காசு ஏது? வீட்டிலிருந்து துணி ஊறவைக்கும் பேசின், தாம்பாளம், பழைய இரும்பு வாணலி என்று எதையாவது தூக்கிவந்துவிடுவார்கள். மதிய இடைவேளையில் மரத்தடியில் 'டங்கு டங்கு' என்று ஒரே சத்தம். அடுத்த வகுப்பு ஆசிரியர் யாரோ பாத்திரக் கடை வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்!

வாணலி நல்ல வேடிக்கைதான். ஆனால் சொரசொரப்பான இரும்பில் பிளாஸ்டிக் முனை சீக்கிரம் தேய்ந்துவிடும். உலோகச் சக்கரத்தின் வர்ணம் உதிரும். ஸ்டிக்கர் கிழியும். பிரிந்து சிதறும் வகையில், பாகங்களைப் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு பற்கள்தான். மோத மோத அவை மழுங்கும். மழுங்கிய பேபிளேடு லேசாகத் தட்டினாலே பிரிந்துவிடும். 'புதுசா இருந்தப்ப யார்கிட்டயும் தோத்ததில்ல சார்' என்று ஒரு மாணவன் சொல்வான். உண்மைதான். அவனது பேபிளேடின் பலம் எல்லாம் ஜெயித்த ஆட்டங்களிலேயே செலவாகிவிட்டது.

இன்னொரு மாணவன் பெட்டியையே பிரிக்காமல் கொண்டுவந்து காட்டுவான். யாரும் தொடக் கூடாது. அவனும் தொட மாட்டான். ஒரு வாரம் எல்லோரும் ஆசையாகப் பார்த்தார்கள். அப்புறம் அவனை ஆட்டத்துக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு என்னவோ, வாணலிக்காரன் மேல்தான் கொஞ்சம் பிரியம் அதிகம்.

ரயில் இன்ஜின் சொல்லும் வழி

பெரியவர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் பெரம்பூர் வந்துவிடும் அல்லவா? அங்குள்ள ரயில்வே லோகோ பணிமனைக்கு ஒரு கிழட்டு விருந்தாளி வந்தது. இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி இன்ஜின். 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது. ஓடி ஓய்ந்தபின் பீகாரில் உள்ள ஜமால்பூர் பணிமனையில் பல பத்தாண்டுகள் காட்சிப் பொருளாக நின்றுகொண்டிருந்தது. பெரம்பூர்த் தொழிலாளர்கள் அதைப் பழுதுபார்த்து 2010-இல் மறுபடி ஓடவைத்தார்கள். அடேங்கப்பா, 155 வயதில்!

ஆனால் சும்மா ஓடிவிடுமா? துருப்பிடித்துப்போன, காணாமல்போன பாகங்களைப் புதிதாகச் செய்து பொருத்த வேண்டியிருந்தது. புதுப் பாகம் சேரச் சேரப் பழைய இன்ஜினின் பங்கு குறைகிறது. அப்படியே விட்டிருந்தால் பாகங்கள் பழசாகவே இருந்திருக்கும், இன்ஜின் மட்டும் ஊமையாக நின்றிருக்கும். இதில் ரயில்வேக்காரர்கள் ஒரு நடுவழி பிடித்தார்கள். தினமும் ஓட்டுவதில்லை. சிறப்பு நாள்களில் மட்டும், மெதுவாக, குறைந்த தூரம்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டுக் கொலுப் பொம்மைகளைப் பாருங்கள். வருடத்தில் ஒன்பது நாள் படியேறி உட்காரும். மற்ற நாளெல்லாம் பழைய பருத்தி வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் தூங்கும். பாட்டி காலத்துக் களிமண் பொம்மை பேத்தி காலம்வரை வருவது இந்த வழக்கத்தால்தான்.

எதை வைப்பது, எதை விடுவது?

என்னைக் கேட்டால், ஒரே ஒரு கேள்விதான். 'இது உடைந்தால் இன்னொன்று கிடைக்குமா?' கடையில் கிடைக்கும் என்றால் கவலையே வேண்டாம். வட்டத்துக்குள் வையுங்கள், வாணலியில் மோதவிடுங்கள். அதற்காகத்தானே அது பிறந்தது? இன்னொன்று கிடைக்காது என்றால் அதை மோதலுக்கு அனுப்பாதீர்கள். ஆனால் பூட்டியும் வைக்காதீர்கள்! வழவழப்பான தரையில், தனியாக, ஒரு ஓரமாகச் சுற்றவிடுங்கள். மோதல் இல்லாமல் சுற்றினால் பம்பரத்துக்கு அதிகத் தேய்மானம் கிடையாது. உங்களுக்கும் அது சுற்றும் அழகு கிடைக்கும். விடுவதற்கு முன் ஆணி ஆடுகிறதா, மரத்தில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட மரப் பம்பரத்தையும், உடைந்த உலோகச் சக்கரத்தையும் சுற்றவிடவே கூடாது. துண்டு பறந்துவந்து கண்ணில் பட்டால் என்னாவது?

அரக்கு பூசிய பம்பரம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களையும், கர்நாடகத்தின் சன்னபட்டணா பொம்மைகளையும் பார்த்திருப்பீர்கள். கடைசல் இயந்திரத்தில் மரம் சுற்றும்போது வர்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். சன்னபட்டணாவில் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சூட்டில் உருகுவதால்தான் அதை வெயிலில் வைக்கக் கூடாது. ஸ்பிரிட் போட்டும் துடைக்கக் கூடாது.

பழைய பம்பரத்துக்குப் புது வர்ணம் அடிக்க ஆசை வரும். வேண்டாமே! தாத்தாவின் பம்பரத்தில் ஏழு ஆக்கர் இருக்கிறது என்றால், அது ஏழு முறை வட்டத்துக்குள் குத்து வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். கடையிலிருந்து வந்த புதுப் பம்பரம் கடையைப் பற்றி மட்டும்தான் சொல்லும். குத்து வாங்கிய பம்பரம்தான் அந்தத் தெருவில் எப்படி விளையாடினார்கள் என்று சொல்லும். வர்ணம் அடித்தால் எல்லாம் மூடிப்போகும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே பழம்பொருள்களைப் பாதுகாக்க ஒரு வேதியியல் கூடம் அமைத்தார்கள். அங்கே நோக்கம் பழைய வெண்கலச் சிலைகளை அரிப்பிலிருந்து காப்பதுதான், புதுச் சிலைபோல மினுக்குவது அல்ல.

மழைக்காலம் வருகிறது!

சென்னை வட்டாரத்தில் பம்பரத்தின் பெரிய எதிரி, எதிர்வீட்டுப் பையன் இல்லை. ஈரக் காற்றுதான்! ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆணி துருப்பிடிக்கும். துரு மரத்துக்குள் இறங்கினால் ஆணி கழன்றுவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு துணியில் தொட்டு ஆணியை மட்டும் துடையுங்கள். மரத்தைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணிதான் நல்லது. மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடியில் மாவு மாதிரி கொட்டியிருந்தால் மரத்தை வண்டு துளைக்கிறது என்று பொருள். உடனே மற்றப் பம்பரங்களிலிருந்து பிரித்து வையுங்கள்.

பேபிளேடுக்கு எதிரி வெயில். ஜன்னலோரம் வைத்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகும். ரப்பர் முனை கெட்டியாகிவிடும். பல பாகங்களைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள் சிலர். நாளானால் அது இளகி ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். விளக்கு எரியும் பம்பரமா? பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள், கசிந்தால் உள்ளே எல்லாம் வீணாகிவிடும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைப் பெட்டிக்குள் போட்டு வைக்கலாம். தம்பி தங்கைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஒரு சின்னச் சீட்டும் எழுதி வையுங்கள். பம்பரத்தின் மேல் எழுதாமல், நூலில் கட்டித் தொங்கும் சீட்டில் எழுதுங்கள். யார் கொடுத்தது, எந்த ஊர், எந்த வருடம். முடிந்தால் தாத்தாவிடம் கேட்டு, அவர் தெருவில் ஆட்டத்தின் விதி என்ன என்பதையும் எழுதுங்கள். அறிஞர் தேவநேயப் பாவாணர் இப்படித்தான் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் திரட்டி ஒரு புத்தகமே எழுதினார். பம்பர ஆட்டங்களும் அதில் உண்டு. பம்பரத்தை அலமாரியில் வைக்கலாம். அபீட்டை எப்படி வைப்பது? அது கையிலிருந்து கைக்குத்தான் போகும். பக்கத்துவீட்டுத் தம்பிக்கு ஒருமுறை சொல்லிக்கொடுங்கள், மீதியை அவனே பிடித்துக்கொள்வான்.

செய்து பாருங்கள்

சரஸ்வதி பூஜையன்று தொழிற்பேட்டையில் இயந்திரங்களை நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். நீங்கள் புத்தகத்தோடு பம்பரத்தையும் துடைத்து வையுங்கள். மறுநாள் விஜயதசமி. பத்திரமாக வைத்திருக்கும் பம்பரத்தை அன்று வெளியே எடுத்து, வீட்டுக் கூடத்தில் மூன்று முறை சுற்றவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை நொடி நின்றது என்று கடிகாரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் குறியுங்கள். அடுத்த வருடமும் அதே தரையில், அதே நாளில் செய்து பாருங்கள். நொடி குறைந்திருந்தால் முதலில் ஆணியைப் பாருங்கள், கோணலா, மழுங்கலா என்று. ஆணி சரியாக இருந்தால் சாட்டையைப் பாருங்கள். பழைய சாட்டை நைந்து வழவழப்பாகி, பம்பரத்தை இறுகப் பிடிக்காமல் வழுக்கும். புதுச் சாட்டை மாற்றிவிட்டு மறுபடி எண்ணுங்கள்.